விரல் பட்ட இடம்

"அக்கா, விரல் பட்டுடுச்சு."

இன்டர்காமில் அந்தக் குரல் வந்ததும் அவள் பதறி எழப் பார்த்தாள். வயிறு மேசையில் இடித்தது. மறுபடி உட்கார்ந்தாள். திரையில் மாப்பிள்ளையின் முதுகு மட்டும் தெரிந்தது. நிச்சயமான கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போனதிலிருந்து ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான்.

"எதுல?"

"ரெண்டாவது கண்ணாடியில. கிளவுஸ் நுனிதான். ஆனா கறை தெரியுது."

வயிற்றில் ஏழு மாதம் என்பதால் லேசர் கூடத்துக்குள் அவளை விடுவதில்லை. மூன்று வருடம் கணக்குப் போட்டு, வரைந்து, அழித்து, திரும்ப வரைந்து அவள் வடிவமைத்த எக்ஸ்ரே நுண்ணோக்கியை வேறொருவர் கை பொருத்துவதைக் காலையிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக விழும் எக்ஸ்ரே கண்ணாடிக்குள் புகுந்து தொலைந்துபோகும்; தண்ணீர்மேல் வீசிய ஓட்டுச்சில்லு மாதிரி சாய்ந்து உரசிப் போனால்தான் திரும்பும். அப்படிச் சாய்ந்து நிற்கும் இரண்டு கண்ணாடிகள். ஒன்று பிம்பத்தை மேல்கீழாகக் குவிக்கும், மற்றது பக்கவாட்டில். தங்கம் பூசிய அந்த வழவழப்பில் ஒரு விரல் கறை என்பது சாதாரணச் சமாச்சாரமில்லை.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. 'ஒரு வேலைய உருப்படியா செய்யமாட்டியா?' வந்ததை விழுங்கினாள். அவன் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? படம் கலங்கி வந்திருக்கும். தன் கணக்குதான் தப்பு என்று அவள் காலமெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாள்.

லேசர் பொறுப்பாளர் கதவருகில் வந்து நின்றார். "என்னம்மா, முடியலன்னா சொல்லிடுங்க. அடுத்த குழு காத்துட்டு இருக்காங்க."

விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை குழந்தை பிறந்த பிறகுதான். அப்போது அவள் எங்கே இருப்பாளோ, என்ன நிலையில் இருப்பாளோ.

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றாள். இன்டர்காமில் குனிந்தாள். "கறை எந்தப் பக்கம்?"

"பந்துக்குக் கிட்ட இருக்கற ஓரம். கால்வாசி இருக்கும்."

பந்து என்றது கடுகைவிடச் சின்ன பிளாஸ்டிக் உருண்டையை. சுற்றிலுமிருந்து லேசர் அடித்ததும் அது பிளாஸ்மாவாகி உள்ளே நொறுங்கும். அந்த நொறுங்கலைப் படமெடுக்கத்தான் இந்த நுண்ணோக்கி; கண் இமைப்பதற்கெல்லாம் அங்கே நேரமில்லை.

"அந்தக் கால்வாசிய மறைச்சிடு. டான்டலம் தகடு வச்சு."

"படம் மங்கிடுமேக்கா?"

"மங்கட்டும். கலங்கக்கூடாது."

மறுபடி அதே கை, அதே கண்ணாடிக்கு மயிரிழை தள்ளி. எக்ஸ்ரேயைத் தடுக்கும் அந்த உலோகத் தகட்டை இடுக்கியில் பிடித்தபடி அவன் அசையாமல் நின்றான். "மூச்ச விடு மாப்ளே," என்றாள். அவன் விட்டான். அவள்தான் விடாமல் இருந்தாள். தகடு உட்கார்ந்த பிறகுதான் விட்டாள்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். கதவு பூட்டப்பட்டது. எண்ணிக்கை ஓடியது. தூரத்தில் எங்கோ பெட்டி விழுந்தது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

படம் வர நேரமெடுத்தது. மாப்பிள்ளை கிளவுஸைக் கழற்றாமலே அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். கறுப்பில் ஒரு வெளிச்ச வளையம் மெல்ல எழுந்தது. மங்கல்தான், ஆனால் ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல இருந்தன. பொறுப்பாளர் கைதட்டினார்.

அவள் தட்டவில்லை. வளையம் இடது பக்கம் மெலிந்து, ஓரிடத்தில் அறுந்திருந்தது.

"பந்து ஒரு பக்கமா நொறுங்கியிருக்கா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான். "இல்ல, நம்ம தகடு மறைக்குதா?"

"தெரியல," என்றாள்.

பக்கத்து நாற்காலியை இழுத்து அவனுக்குப் போட்டாள். அவன் உட்கார்ந்தான். அறுந்த இடத்தை அவள் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், கடைசியில் திரை முழுக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் இருந்தன, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஒன்றைவிட ஒன்று லேசாகக் கறுத்து.