பதினோராவது முரண்

“அந்த நாலு இதழையும் வெட்டக் கூடாது. தொகுப்புல சேர்த்துப் போடுங்க.”

அவள் சொல்லி முடித்ததும் அறையில் இருந்தவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்கள். புத்தகம் கட்டும் கடையின் மாடி அது. அட்டைத் தாள்களுக்கும் பசை வாளிகளுக்கும் மேலே, கடைக்காரர் தம் கையால் எழுதி ஒட்டிய ஒரு வரி: “ஏசலாம், யாசிக்கக் கூடாது.” ‘சாம்பல் பருந்து’ படக்கதையின் வாசகர் வட்டத்துக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

சும்மா வந்த சட்டமில்லை. முன்பொரு முறை விருந்தினராக வந்த கதாசிரியரிடம் ஓர் உறுப்பினர், கதாநாயகன் பருந்துக்கு ஒரு கல்யாணம் பண்ணி வையுங்கள் என்று கெஞ்சிவிட்டார். மனிதர் இளகிய மனசுக்காரர், பண்ணி வைத்துவிட்டார். அடுத்த பதினோரு இதழ்களில் பருந்து பறக்கவே இல்லை. திரைச்சீலைக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாவம் தங்கள் தலையில்தான் என்று வட்டம் இன்றைக்கும் நம்புகிறது. அன்றிலிருந்து, வருகிற விருந்தாளியை வாய் வலிக்கும்வரை திட்டலாம். இதைச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

சேர்ந்த முதல் நாளே அவளிடம் அந்த வரியைக் காட்டிச் சொல்லியிருந்தார்கள். அவளும் மூன்று வருஷமாக மீறியதில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த பதிப்பாசிரியர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சிவப்புப் பென்சிலைக் காதில் செருகியிருந்தார். பதினாறு வருஷமாக மாதாமாதம் வந்துகொண்டிருக்கும் பருந்தின் முதல் அறுபது இதழ்களைத் தடித்த தொகுப்பாகக் கொண்டுவரப் போகிறார்கள். அறுபதும் அதில் அடங்காது. எதை விடலாம் என்று தீவிர வாசகர்களிடம் கேட்டுப் போக வந்திருந்தார். கோபப்படாமல் ஒரு தாளை உருவினார்.

“இது உங்க வட்டம் அனுப்பின பட்டியல்தானே? மொத்தம் எழுபத்திமூணு முரண். பதினொண்ணாவதைப் படிக்கிறேன்.” கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “‘இதழ் 23 முதல் 26 வரை, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒரு பெண் பருந்தின் அங்கியைத் துவைத்துத் தருகிறாள். ஆனால் இதழ் 131-இன்படி அங்கி விண்கல் நூலால் நெய்தது. அழுக்கோ ரத்தமோ முதல் நாளிலிருந்தே அதில் ஒட்டாது. ஆகவே இந்த நான்கு இதழ்களும் நடந்திருக்கவே முடியாது. நீக்கப்பட வேண்டும்.’ ரொம்பத் தெளிவா இருக்கு. யார் எழுதினது?”

இப்போது எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“நான்தான்,” என்றாள்.

“நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க,” என்றார் பஸ் டிரைவர். அவரை வட்டத்தில் ‘நூத்தி நாலு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நூற்று நாலாம் இதழில் பருந்து செத்துப்போனது. அவர் ஒரு நாள் விடுப்பு எடுத்து அழுதார். நூற்று ஐந்தில் அது எழுந்து வந்தது. அந்த விடுப்பை இன்னும் அவர் மன்னிக்கவில்லை.

அவளுக்கும் ஒரு பெயர் உண்டு: ‘வழக்கு’. வந்தமர்ந்த பத்தாவது நிமிஷமே பல் டாக்டருடன் வழக்காடியதால் வந்தது. “சாவெல்லாம் பால்பல் மாதிரிம்மா, விழுந்தா முளைக்கும்,” என்று அவர் சொல்ல, “அப்போ எதுக்கு டாக்டர் விழறப்ப அழணும்? ஒண்ணு செத்தவன் சாகணும், இல்ல சாகாதவன்னு முதல்லயே எழுதணும்,” என்று இவள் சீற, அந்தச் சண்டை மூன்று சனிக்கிழமை நடந்தது. கல்லூரியில் மூன்று வருஷம் படித்தாள். வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை. அங்கே அவள் கையைத் தூக்கினால் விரிவுரையாளர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். இங்கே பல் டாக்டர் அவளிடம் தோற்பதற்காகவே பழைய இதழ்களைத் தேடிப் படித்துக்கொண்டு வந்தார். தோற்றதும் டீ வாங்கித் தந்தார். கடைக்காரர் அவளுக்கென்று ஒரு நாற்காலியின் ஆடும் காலுக்கு அட்டை வைத்து ஒட்டினார். அந்த நாற்காலியில்தான் இப்போதும் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பட்டியலும் அப்படி ஒரு நன்றியில் எழுதியதுதான். தன்னை ஆளாக மதித்தவர்களுக்கு அப்பழுக்கில்லாத வேலை ஒன்றைச் செய்துதர வேண்டும் என்று நினைத்தாள். எட்டு மாதம் உட்கார்ந்து வரி வரியாகத் தேடினாள். பதினோராவது முரணை எழுதும்போது கை ஒரு நிமிஷம் நின்றது. பிடித்தது என்பதற்காக ஒன்றை விட்டால் அது பட்டியலே இல்லை என்று எழுதிவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்படித்தான்.

“நீயே நீக்கச் சொன்ன. இப்ப நீயே சேர்க்கச் சொல்ற,” என்றார் பல் டாக்டர். அவருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். “முரண்பட்டா வெட்டு, பாசம் பார்க்காதேன்னு என் கழுத்தைப் பிடிச்சது யாரு?”

“நான்தான். இப்பவும் அது முரண்தான். நான் இல்லைங்கல.”

“அப்புறம் என்ன? அந்தக் கதைல சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. நாலு மாசம் ஒருத்தி துணி துவைக்கிறா. பக்கம் நிரப்ப எழுதினது.”

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். “ஆமா டாக்டர். உங்க ஹீரோ நகரத்தைக் காப்பாத்துவார், ரத்தத்தோட வருவார், அடுத்த பக்கத்துல பளபளன்னு நிப்பார். நடுவுல யாரோ துவைச்சிருக்கணும்னு பதினாறு வருஷத்துல நாலே நாலு இதழ்தான் சொல்லியிருக்கு. அது உங்களுக்கு நிரப்பு. மிச்சம் இருக்கிற குத்துச்சண்டையெல்லாம் இலக்கியம்.”

“கோபப்படாதே தங்கச்சி,” என்றார் கடைக்காரர். “காரணத்தைச் சொல்லு. உனக்கு என்ன அந்தச் சலவைக்காரம்மா மேல?”

சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கும் பழக்கம் அவளுக்கு வேறு விஷயங்களில் கிடையாது. இதில் மட்டும் பதினாலு வருஷம் யோசித்திருந்தாள். எழுந்து அலமாரிக்குப் போய், கடைக்காரர் கட்டி வைத்திருந்த பழைய இதழ்களின் முதல் தொகுதியை எடுத்தாள். இருபத்து ஆறாம் இதழின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பதிப்பாசிரியர் முன் வைத்தாள். வாசகர் கடிதங்கள்.

பதிப்பாசிரியர் உரக்கப் படித்தார். “‘மதிப்பிற்குரிய ஐயா, இதழ் 23-இல் சலவைக்கூட அம்மா ரத்தக் கறையைக் கொதிக்கும் தண்ணீரில் போடுகிறார். அது தவறு. வெந்நீர் பட்டால் ரத்தம் துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில்தான் போட வேண்டும். இதை எங்களுக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன்.’”

“பத்து வயசுலயே வழக்கு போட்டிருக்கே,” என்றார் நூத்தி நாலு.

அவள் சிரிக்கவில்லை. “முன்னாடி திருப்புங்க மேடம். அதே இதழ், ஆறாம் பக்கம்.”

படத்தில் அந்தப் பெண் ஐஸ் கட்டி மிதக்கும் தொட்டியில் முழங்கைவரை கையை விட்டிருந்தாள். தலைக்கு மேலே இருந்த வசனம்: “ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணிதான். வெந்நீர் பட்டா ஜென்மத்துக்கும் போகாது.”

“கடுதாசி பார்த்துத் திருத்தியிருக்காங்க,” என்று கடைக்காரர் மெல்லச் சொன்னார். “அந்தத் தெரிஞ்ச ஒருத்தர் யாரும்மா?”

“எங்கம்மா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல வேலை. அன்னைக்கும் அதான், இன்னைக்கும் அதான். படிக்கத் தெரியாது. நான் வாசிப்பேன், அவங்க படம் பார்ப்பாங்க. இருபத்து மூணைப் பார்த்துட்டு, ‘இவளுக்கு வேலை தெரியலையே, இவளை யாரு சேர்த்தா’ன்னு திட்டினாங்க. அதைத்தான் எழுதிப் போட்டேன். எங்கம்மான்னு எழுத வெட்கமா இருந்துச்சு. தெரிஞ்ச ஒருத்தர்னு எழுதினேன்.”

கீழே தாள் வெட்டும் பொறி ஒரு முறை இறங்கி ஏறியது.

“இருபத்து ஆறு வந்தப்ப அந்தப் படத்தைக் காட்டினேன். ‘இப்பதான் உருப்படியாத் துவைக்கிறா’ன்னு அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க. என்னால அந்தக் கடுதாசியை வாசிச்சுக் காட்ட முடியலை. எப்படி வாசிக்கிறது? ‘தெரிஞ்ச ஒருத்தர்’னா? அவங்க சொல்லித்தான் அந்தப் படமே மாறுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. அதை நானே வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். போதுமா?”

பதிப்பாசிரியர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். “போதும்மா. ஆனா ஒட்டாத ரத்தத்தைத் துவைக்க முடியாதே. புதுசா வாங்கிப் படிக்கிறவன் நாளைக்கு உன்ன மாதிரியே பட்டியல் போடுவான். நான் என்ன பதில் சொல்ல?”

அதற்குமேல் வட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. அழுக்கு ஒட்டாது, ரத்தம் ஒட்டும் என்றார் ஒருவர். 131-லேயே இரண்டும் ஒட்டாது என்று இருக்கிறதே என்று அவரை அடக்கினார்கள். அப்போது பருந்திடம் இரண்டு அங்கி இருந்தது என்றார் இன்னொருவர். மாற்றுத்துணி வைத்திருக்க அவன் என்ன சுற்றுலாவா போகிறான் என்றார் பல் டாக்டர். ஆனால் அவரும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுகிறாற்போல் கிறுக்க ஆரம்பித்திருந்தார். ஒரு நிமிஷம் முன்னால் வெட்டச் சொன்ன மனிதர். அவள் வழக்கைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் துணியையே பார்க்கிறீங்க,” என்றார் நூத்தி நாலு.

மூன்று வருஷமாக அவர் எது சொன்னாலும் அவள் மறுப்பாள்; அவள் எது சொன்னாலும் அவர் மறுப்பார். திரும்பிப் பார்த்தாள்.

“ஒட்டாதுன்னா ஒட்டாது. அவனுக்குத் துவைக்கவே வேண்டியதில்ல. அந்தம்மாவுக்கும் தெரியும். தண்ணில போட்ட உடனே தெரிஞ்சிருக்குமே, துணி தொடறவங்களுக்குத் தெரியாதா?” அவர் தொண்டையைச் செருமினார். “அவன் துவைக்கவா வந்தான்? ராத்திரி பூரா அடிவாங்கிட்டு, எதுவும் கேட்காத ஒரு ஆள் பக்கத்துல, சூடா ஒரு ரூம்ல கொஞ்ச நேரம் உட்கார வந்தான். சும்மா உட்காரக் கூச்சம். அங்கிய நீட்டினான். அந்தம்மாவும் வாங்கித் துவைச்சுது. நானே வண்டிய டிப்போல விட்டுட்டு, வாட்ச்மேன் ரூம்ல போய் மணி கேட்பேன். என் கைலயே கடிகாரம் இருக்கு.”

எழுபத்து மூன்று முரணையும் எட்டு மாதம் புரட்டியவளுக்கு அது தோன்றவே இல்லை. “அண்ணே,” என்றாள். “இத்தனை நாள் உங்ககிட்ட சண்டை போட்டதுக்கு இது ஒண்ணு போதும்.”

“எழுதிக்கோ. பின்னால இல்லைன்னு சொல்லிடுவேன்.”

பதிப்பாசிரியர் தாளில் பதினோராம் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “நல்லா இருக்கு. இதை ஒரே பக்கத்துல சொல்ல முடிஞ்சா அந்த நாலும் நிக்கும். எங்க கதாசிரியர்கிட்ட எழுதச் சொல்றேன்.”

“நானே எழுதறேன் மேடம்.”

சுவரில் இருந்த சட்டம் இரண்டாவது முறையாக உடைந்தது.

“வாசகர் எழுதறதை உள்ளே சேர்க்கிற வழக்கம் எங்ககிட்ட இல்லையேம்மா.”

“ஏற்கெனவே சேர்த்திருக்கீங்க. ஆறாம் பக்கம். பேர் போடலை, அவ்வளவுதான்.”

பதிப்பாசிரியர் சிரித்துவிட்டார். “பேசத் தெரிஞ்ச பொண்ணு. வாக்குக் கொடுக்க மாட்டேன். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வா, படிச்சுப் பார்க்கிறேன்.”

சட்டத்தை மீறியவளை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். கடைக்காரர் வேறு வழியில்லாமல் வாக்கெடுப்புக்கு விட்டார். பல் டாக்டர், “ஏசினதையும் யாசிச்சதையும் ஒரே மூச்சுல பண்ணியிருக்கா, எதுல சேர்க்கிறது?” என்று புது வாதத்தைக் கிளப்பினார். கைகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன.

அவள் எண்ணவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள். அட்டை வைத்து ஒட்டிய கால் ஆடாமல் நின்றது. கடைக்காரரிடம், “அந்தத் தொகுதிய ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போறேண்ணே,” என்றாள். வெளியே கொடுக்கும் வழக்கமில்லாத மனிதர் அதைத் தாளில் சுற்றிக் கையில் தந்தார்.

“முடிவு கேட்டுட்டுப் போம்மா,” என்றார் நூத்தி நாலு.

“என்ன முடிவானாலும் எழுதத்தான் போறேண்ணே.”

நாலு மணிக்கு அம்மாவுக்கு வேலை முடியும். முதலில் அந்தக் கடிதத்தை வாசிக்க வேண்டும், இருக்கிறபடியே, ‘தெரிந்த ஒருவர்’ உட்பட. திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு, ரத்தமே இல்லாத துணியை ஒருவன் கொண்டுவந்து நீட்டினால் அம்மா என்ன செய்வாள் என்று கேட்க வேண்டும். தொகுதியை மார்போடு அணைத்துக்கொண்டு, பின்னால் சண்டை உச்சத்தில் இருக்கும்போதே, அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்தாள்.