சுவரில் ஒட்டிய சூரியகாந்தி

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டிய அந்த எட்டுக் காம்பிரா லயத்தில் யார் வீட்டில் கருவாடு பொரிகிறது, எந்த மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, எந்தப் பெண்ணுக்குக் கொழும்பிலிருந்து எத்தனை மணிக்கு போன் வருகிறது என்பதெல்லாம் நாலாம் காம்பிரா அழகம்மாவுக்குத் தெரியும். யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை. மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றால் போதும். குடம் நிறைவதற்குள் லயம் முழுவதும் வந்து இறங்கிவிடும். அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டுச் சங்கதி ஒன்றை மட்டும் பன்னிரண்டு நாளாக வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தாள் என்றால், அது எவ்வளவு பெரிய பயமாக இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கதி சுவரில் இருந்தது. அவளுக்கும் அஞ்சாம் காம்பிரா ஜீவராணிக்கும் பொதுவான சுவர். முதல் நாள் தலைமயிர் விழுந்து ஒட்டியது போல ஒரு கோடு. அழகம்மா துணியால் துடைத்துக்கூடப் பார்த்தாள். மூன்றாம் நாள் அதில் நகம் நுழைந்தது. கூரைத் தகரத்துக்குக் கீழே தொடங்கி, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் தரைவரை இறங்கியிருந்தது.

"பெரட்டுல வச்சு ஒளறிட்டு வந்துறாத," என்றார் புருஷன் வீரய்யா, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அவள் கிளம்பும்போது.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. லயத்தின் பின்பக்கம் மலைச்சரிவு. தோட்டத்தைக் கேட்காமல் எல்லாரும் சரிவை வெட்டித்தான் பின்னால் சமையலுக்கு ஒரு குசினி இறக்கியிருந்தார்கள். அதில் ஆழமாக வெட்டியவர் வீரய்யா. 'மண்ண வெட்டினவன் வீட்டுலதான் மொதல்ல வெடிக்கும்' என்று வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒருமுறை எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். வெடிப்பு வெளியே தெரிந்தால் பழி நாலாம் காம்பிராமேல். அது மட்டுமா? ஐயாமார் வந்து பார்ப்பார்கள், ஆபத்து என்று எழுதுவார்கள், எல்லாரையும் இறக்குவார்கள். கீழ் டிவிசன்காரர்களைப் போன வருஷம் அப்படித்தான் இறக்கினார்கள். இன்னும் பள்ளிக்கூட மண்டபத்தில் சேலையைக் கட்டிக் குடும்பம் பிரித்துக்கொண்டு கிடக்கிறார்கள்.

ஆகவே அழகம்மா அக்கரப்பத்தனைக்குப் போய் நூர்தீன் நானா கடையில் ஒரு டேப்பு வாங்கினாள். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற தடித்த சாதி. ஆனால் மேலே முழுக்கச் சூரியகாந்திப் பூ அச்சு. "கப்பல் ஓட்டையக்கூட அடைக்கும் தங்கச்சி," என்றார் நானா. கப்பலுக்கு அது சரியோ என்னவோ, சுவருக்கு ஒட்டியபோது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பாதிச் சுருள் அதற்கே போய்விட்டது.

மறுநாள் ஜீவராணி எட்டிப்பார்த்தாள். "என்னாக்கா, செவுத்துல பூவெல்லாம் பூத்திருக்கு?"

"அழகுக்குத்தான். ஏன், நாங்க ஒட்டக்கூடாதா?"

ஜீவராணி பட்டையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். இரண்டு நாளில் அவள் வீட்டில், அதே சுவரில், வாசல் அளவு பெரிய கலண்டர் ஒன்று தொங்கியது. 'நான் ஒன்னு ஒட்டினா அவ ஒன்னு மாட்டுறா. பொறாமையில வெந்து போறா' என்று அழகம்மா பீலியடியில் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து டேப்பின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். தினமும் அழுத்திப் பார்த்தாள்.

பிறகு மழை பிடித்தது. மூன்றாம் நாள் பெரட்டுக் களத்துக்குப் போனவர்களை வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பகல் ஒரு மணிக்கே விளக்கு வைக்கிற இருட்டு. அப்போதுதான் மகள் தனுஷிகா கொழும்பிலிருந்து முகம் தெரிகிற மாதிரி போன் எடுத்தாள்.

"ம்மா, அங்க மழ எப்புடி?"

"மலையில மழ பேயாம வேறென்னா பேயும்?"

"வெளையாடாதீங்க. நியூஸ்ல மண்சரிவு வரும்னு நம்ம பக்கமெல்லாம் செவப்பு போட்டிருக்கான். பொறந்த சர்ட்டிபிகேட்டு, ஐடி எல்லாத்தையும் நனையாம ஒரு பையில போட்டு வைங்க. செவுத்துல பூ டேப்பு ஒட்டியிருந்தீங்களே, அதுல மிச்சம் இருக்கா? அதுலயே செய்யலாம். தைக்கக்கூட வேணாம். ஒரு ஜிப்பு மட்டும் இருந்தா போதும்."

"இருக்கு."

"அது சரி, அத ஏன் செவுத்துல ஒட்டினீங்க?"

"அழகுக்குத்தான்டி." பெற்ற மகளிடம் பொய் சொன்னபோது அழகம்மாவின் கண் தானாகச் சுவர்ப்பக்கம் போனது. காலையில் படிந்திருந்த டேப்பு இப்போது கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. போனை மெதுவாக மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீரய்யாவின் பழைய ஜாக்கெட்டிலிருந்து ஜிப்பைப் பிளேடால் அறுத்தெடுத்தாள். மகள் சொல்லச் சொல்ல, ஒரு முழத் துண்டுகளாக டேப்பை வெட்டி, பசைப்பக்கம் மேலே பார்க்க மேசையில் வரிசையாக வைத்தாள். ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் கால் அங்குலம் ஏற வேண்டுமாம். அதன்மேல் இன்னொரு வரிசை, பசையோடு பசை சேர, பூப்பக்கம் வெளியே; தடித்த தாள் மாதிரி ஆகிவிடும். ஒரு துண்டு தன்மேலேயே சுருண்டு ஒட்டிக்கொண்டது. பிரித்தால் கிழியுமே தவிர விடாது. கத்தரிக்கோலில் பசை ஏறி வாய் திறக்க மறுத்தது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து மறுபடி வெட்டினாள்.

"இப்ப ஜிப்புத் துணியில பாதி, தாள்ல பாதி படுற மாதிரி ஒரு துண்டு ஒட்டுங்க. உள்பக்கமும் ஒன்னு. அப்பறம் தாள ரெண்டா மடிச்சு, அடுத்த ஓரத்த ஜிப்போட மறுபக்கத்துல ஒட்டுங்க. கடைசியா ரெண்டு பக்கத்தையும் மூடணும், அவ்ளோதான். சிக்னல் போகுதும்மா, நான் பொறகு..." முகம் உறைந்து நின்று, மறைந்தது.

ஜிப்பு ஓடியது. சர்ரென்று திறந்து, சர்ரென்று மூடியது. ஒரு கணம் அழகம்மாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஒரு பக்கத்தையும் ஒட்டி முடித்தாள். மற்றப் பக்கம் வழியாகக் காகிதங்களை அடுக்கினாள். பிறப்புச் சான்றிதழ்கள், கல்யாணச் சான்றிதழ், மகளின் பரீட்சைப் பெறுபேறு. இன்னும் ஒன்று பாக்கி.

வீரய்யா குசினியில் அடுப்பு முன்னால் குந்தியிருந்தார். சண்டைக் காலத்தில் அடையாள அட்டை இல்லாததால் ஆமி செக்கிங்கில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு இரண்டு நாள் உள்ளே இருந்தவர். அன்றிலிருந்து அட்டை அவர் சட்டைப் பையை விட்டு இறங்கியதில்லை. குளிக்கப் போனால்கூடச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் அட்டை இருக்கும்.

"அதக் குடுத்துட்டு நான் எப்புடி இருக்குறது?"

"வீட்டுக்குள்ள ஒங்கள்ட யாரு கேக்கப் போறா? நானா செக்கிங் போடுறேன்? குடுங்க."

பல்லைப் பிடுங்கிக் கொடுப்பது போலக் கொடுத்தார். அட்டையும் உள்ளே போனது. இனிக் கடைசிப் பக்கம். சுருளைப் பார்த்தாள். டேப்பு தீர்ந்து வெறும் வளையம்தான் மிச்சம்.

அப்போது ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று முதலில் பிடிபடவில்லை. மழை பெய்துகொண்டுதான் இருந்தது. தகரம் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு அடியில் மூன்று நாளாக ஓயாமல் கேட்ட இன்னொரு சத்தம் இல்லை. பீலி நின்றுவிட்டது.

இந்த மழையில் பீலி நிற்குமா? கீழ் டிவிசனில் மலை இறங்குவதற்கு முன்னால் பீலித் தண்ணீர் சிவந்து, பிறகு நின்றது. அந்தக் கதையை லயத்துக்கே ஏழெட்டு முறை சொன்னவள் அழகம்மாதான். ஆனால் பயந்த மனுசி கையிலிருக்கும் வேலையை விடமாட்டாள். விட்டால் பயம் மட்டும்தான் மிஞ்சும். ஒரு சாண் டேப்பு, ஒரே ஒரு சாண். பெட்டிக்குப் பின்னால் சுவரடியில் இருக்கிறதே, யார் கண்ணில் படப்போகிறது?

அரிசிப் பெட்டியை நகர்த்திக் குனிந்து டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது உரியவில்லை, சுவரோடு வந்தது. உள்ளங்கை அகலச் சுண்ணாம்புப் பூச்சு அப்படியே பெயர்ந்து அவள் பாதத்தில் விழுந்தது. பின்னால் கறுப்பாக ஒரு வாய். அன்று நகம் மட்டும் நுழைந்த இடத்தில் இப்போது நாலு விரலும் போனது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது, புதிதாக வெட்டிய குழியின் ஈரமண் வாடையோடு. விரலை வெளியே இழுக்கும்போது சுவர் மெல்ல முனகியது.

அவள் குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது.

அழகம்மா பின்வாங்கியதில் முதுகு அரிசிப் பெட்டியில் இடித்தது.

"அக்கா?" என்றது கண்.

"அடியே, நீயா?"

"எங்க கலண்டரு தானா கழண்டு விழுந்துருச்சுக்கா. என்னானு பாக்கக் குனிஞ்சேன்." ஜீவராணியின் குரல் உடைந்தது. "ஒங்க வீட்லயும் இருக்கா இது? எங்க வீட்ல மட்டும்தான்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரரு குசினிக்கு மண்ணு வெட்டினதாலதான்னு... ஒங்க வாய்க்குப் பயந்துதான்க்கா சொல்லல."

நல்ல நேரமாக இருந்தால் அந்தக் கடைசி வார்த்தைக்கு அழகம்மா ஒரு மாசம் பேசாமல் இருந்திருப்பாள். இப்போது, "வெளிய போடி!" என்று மட்டும்தான் வந்தது. "பீலி நின்னுபோச்சு! எல்லாரையும் கூப்புடு! ஓடு!"

முன்கதவை இழுத்தாள். வரவில்லை. நிலை இறுகிக் கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. காலைச் சுவரில் ஊன்றி இழுத்ததில் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்குத் திறந்தது. வெளியே ஜீவராணி தட்டத்தை அகப்பையால் அடிப்பது கேட்டது.

"இந்தாங்க! வாங்க வெளிய! மலை எறங்கப் போகுது!"

குசினியிலிருந்து வீரய்யாவின் குரல் ஆடாமல் வந்தது. "எங்கிட்டுப் போறது? பள்ளிக்கூடத்துல பாய் போட்டுப் படுக்கவா? நீ போ. நான் அடுப்ப அணைச்சுட்டு வாரேன்."

வரமாட்டார். முப்பது வருஷப் பழக்கம். வாரேன் என்றால் வரமாட்டார் என்று அர்த்தம். அவர் முதுகுக்குப் பின்னால், அவரே வெட்டிய மண்சுவரிலிருந்து சேறு வழிந்து தரையில் இறங்கியிருந்தது. போய்க் கையைப் பிடித்து இழுக்க ஓர் அடி வைத்தவள் நின்றாள். அந்தக் குசினிக்குள் போனால் திரும்புவோமா என்று நினைத்தாள். நினைத்ததற்காகப் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள்.

பையைத் தலைக்குமேல் தூக்கினாள்.

"ஒங்க ஐடி இதுக்குள்ள இருக்கு! நான் போறேன்! இந்தப் பக்கம் ஒட்டவும் இல்ல, மழத்தண்ணியில விழுந்தா விழுந்ததுதான்! நாளைக்கு ஆமிக்காரன் கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கங்க!"

குசினியில் அவர் உட்காரும் பலகை கவிழும் சத்தம்.

"அடியே! அதக் குடுத்துட்டுப் போடி!"

அவள் ஓடினாள். பின்னால் அவர் செருப்பில்லாமல், சாரத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு துரத்தினார். வேறொரு நாளில் லயத்துக்கு மூன்று மாசம் பேசப் போதுமான காட்சி. அன்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. எட்டு வீட்டுச் சனமும் கோயில் மேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

மேட்டில் நின்று தலை எண்ணினார்கள். எண்ணி முடிக்கவில்லை.

இடி மாதிரி வரும் என்றுதான் அழகம்மா நினைத்திருந்தாள். அப்படி வரவில்லை. கொழுந்துச் சாக்கை இழுத்துப் போவது போல ஒரு நீண்ட உராய்வு. மேலே தேயிலைச் செடிகள் நின்றபடியே, வரிசை கலையாமல், பெரட்டுக்குப் போகிற ஆட்கள் மாதிரி இறங்கி வந்தன. அவசரப்படவே இல்லை. வந்து குசினிகளுக்குள் நுழைந்தன. அவள் வீட்டு அடுப்புப் புகை தகரத்துக்கு மேலே இன்னும் எழுந்துகொண்டிருந்தது; பிறகு அந்த இடத்தில் தகரம் இல்லை, புகையும் இல்லை. நாலாம் காம்பிராவுக்கும் அஞ்சாம் காம்பிராவுக்கும் நடுவே லயம் ரொட்டியைப் பிய்த்த மாதிரி பிரிந்தது.

யாரும் அழவில்லை. யாரோ மறுபடி தலை எண்ணத் தொடங்கினார்கள். சரியாக இருந்தது. நம்பிக்கையில்லாமல் மூன்றாம் தரமும் எண்ணினார்கள்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூணாம் காம்பிராவில் வெடிப்புக்கு முன்னால் சாமிப்படம். ஆறாம் காம்பிராவில் அலமாரியை நகர்த்தி வைத்திருந்தார்கள். ஏழில் பழைய சேலைத் திரை. லயத்தில் தன் காதுக்குத் தப்பி எதுவும் நடக்காது என்றிருந்த அழகம்மா, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஜீவராணி விறைத்து நின்றாள். வீட்டிலிருந்து அவள் எடுத்து வந்திருந்த ஒரே பொருள் அந்தக் கலண்டர். அதுவும் போன வருஷத்தது.

போன் மடிக்குள் அதிர்ந்தது.

"ம்மா, சிக்னல் போயிருச்சு. பை முடிஞ்சிச்சா?"

"ஒரு பக்கம் ஒட்டல."

"ஏன், டேப்பு பத்தலையா?"

அழகம்மா கீழே பார்த்தாள். பாதிச் சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதில் மேல்நுனி மட்டும் ஒட்டியபடி ஒரு சூரியகாந்திப் பட்டை மழையில் தொங்கி ஆடியது.

"செவுத்துக்குப் போயிருச்சு," என்றாள். "அது அழகுக்கு ஒட்டினது இல்லடி தனுசு."

மறுமுனையில் மகள் ம்மா, ம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மலை இன்னும் எங்கோ உராய்ந்துகொண்டிருந்தது. வீரய்யா சேறு படிந்த கையை நீட்டினார். கோபமெல்லாம் வடிந்த குரல்.

"குடு புள்ள. அட்டைய ஒருக்காப் பாத்துக்குறேன்."

அழகம்மா கொடுக்கத்தான் நினைத்தாள். ஒட்டாத பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை.