மூன்றாம் நம்பரின் முழங்கால்

ஊர் அணி ஜெயித்த வாரம் எலும்பு உடைந்தவர்கள் வருவார்கள், தோற்ற வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பன்னிரண்டு வருடங்களாக ஒரே இயந்திரத்தோடு மாரடிக்கும் எக்ஸ்ரே அக்காவுக்கு இது மனப்பாடம். சனிக்கிழமை மாலை கால்பந்து அரையிறுதியில் நாலு கோல் போட்டு, ஒன்றுகூட வாங்காமல் ஜெயித்திருந்தார்கள். ஞாயிறு ஸ்கேன் சென்டருக்கு விடுமுறை. ஆகவே உடைந்தவர்கள் ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு டோக்கனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் டோக்கன் பெயிண்டருக்கு. மூன்றாவது கோலுக்கு மைதானத்து மதிலிலிருந்து குதித்ததில் அவருடைய வலது மணிக்கட்டு பன் மாதிரி உப்பியிருந்தது. நான்காவது கோலை அவர் பார்க்கவில்லை. அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். இரண்டாவது டோக்கன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு. மூன்று வார இருமல். இருமலுக்கும் வெற்றிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வெற்றியையும் அவர் ஒரு நோய்க்குறியாகத்தான் பார்த்தார்.

"எல்லாம் பூட்டு சார், பூட்டு!" என்றார் பெயிண்டர். "இடது பக்கம் காவல் நிக்க வேண்டிய நம்ம லெஃப்ட் பேக் என்ன பண்ணுவான்? விசில் ஊதினதும் பந்தை உருட்டிக்கிட்டு முன்னாடி ஓடுவான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள, விட்டுட்டுப் போன இடத்துல எதிராளி பூந்துடுவான். வருஷம் பூரா இதானே கூத்து? சனிக்கிழமை நடுக்கோட்டைத் தாண்டினானா? ஒரே ஒரு தடவை? கோச் பூட்டு போட்டு நிறுத்திட்டாரு. எதிராளியோட வேகக்காரன் காலி இடம் வரும் வரும்னு காத்துக் கிடந்து கடைசில கொட்டாவி விட்டான். என் கண்ணால பார்த்தேன்."

"மதில் மேலேருந்து கொட்டாவி தெரிஞ்சுதாக்கும்?"

"மனசுக்குத் தெரியும் சார்."

"ஒரு ஆட்டத்தை வெச்சு விதி எழுதக் கூடாது," என்றார் வாத்தியார். "போன மாசம் இதே கோச்சை மண்டையில களிமண்ணுன்னு கத்தினது யாரு?"

"அது போன மாசத்து மண்டை."

கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எக்ஸ்ரே அக்கா சிரிக்கவில்லை. அந்த லெஃப்ட் பேக், மூன்றாம் நம்பர், அவளுடைய கூடப்பிறந்த தம்பி. ஊரே புகழும் பூட்டு, அவளுடைய மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய உறைகளுக்கு அடியில், ஒரு ஃபிலிமாகப் படுத்திருந்தது.

அன்று காலை ஏழரைக்கு, ரிசப்ஷன் பெண் வருவதற்கு முன்னால், தம்பி பின்வாசல் வழியாக வந்தான். மூன்றே படி. சுவரைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏறினான். டாக்டர் சீட்டு இல்லாமல், பதிவேட்டில் பெயர் எழுதாமல், அவள் படம் எடுத்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தப்பு. வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்தபோது, முழங்கால் சில்லின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. ஃபிலிமில் தலைமுடி ஒட்டியிருக்கிறதோ என்று ஊதினாள். விரலால் துடைத்தாள். கோடு போகவில்லை.

"பன்னெண்டாவது நிமிஷம்க்கா. பந்தைத் தலையால முட்ட எகிறினேன். இறங்கும்போது முட்டி நேரா தரையில. அப்புறம் ஓட முடியல. ஓட முடியலைன்னா என்ன பண்றது? நின்னேன்."

"கோச்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எதுக்கு, வெளியே உக்கார வைக்கவா? மேட்ச் முடிஞ்சதும் மனுஷன் கட்டிப் பிடிச்சாரு. பேப்பர்ல பூட்டுன்னு பேரே வெச்சுட்டாங்க. ஃபைனல்லயும் அதே மாதிரி நிக்கச் சொல்லுவாரு. சும்மா நிக்கறதுக்கு முட்டி எதுக்குக்கா?"

நிற்பதற்கு முட்டி எதற்கு என்று கேட்கிறவனுக்கு எந்தப் படத்தைக் காட்டி விளக்குவது?

"இன்னொரு அடி பட்டா சில்லு ரெண்டா பிரிஞ்சுடும்டா. கம்பி வெச்சுக் கட்டுவாங்க. அப்புறம் பந்து இல்ல, பஸ் படி ஏறவே யோசிப்பே."

"வர்ற ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்குப் பெரிய கிளப்புலேருந்து ஆள் பார்க்க வர்றாங்க. எனக்கு இருபத்தாறு ஆச்சு. அடுத்த வருஷம் என்னை எவன் பார்ப்பான்? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணு."

குளித்த தலை இன்னும் ஈரமாக இருந்தது. அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அந்த ஈரம் இன்னும் உள்ளங்கையில் இருப்பது போலவே அவளுக்குப் பட்டது.

பெயிண்டரின் மணிக்கட்டைப் படம் எடுத்தாயிற்று. எலும்பு விரிசல், மாவுக்கட்டு போட டாக்டர் மதியம்தான் வருவார். பெயிண்டருக்கு அதில் வருத்தமே இல்லை. பேச நேரம் கிடைத்தது. அவள் வெளியே வந்தபோது பெஞ்சின் மேல் வாத்தியாரின் இருமல் மருந்து லெஃப்ட் பேக்காகவும், மூக்குக் கண்ணாடிக் கூடு எதிரணியாகவும் நின்றன. வாத்தியார் மருந்துப் பாட்டிலைக் கையிலெடுத்து யோசித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பூட்டின்மேல் லேசாக நம்பிக்கை வர ஆரம்பித்திருந்தது.

அவள் ஒரு கல்லை விட்டெறிந்து பார்த்தாள்.

"ஒருவேளை அவனுக்குக் கால் வலியா இருந்திருந்தா? அதனாலதான் ஓடலையோ என்னவோ?"

அறை மொத்தமும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது.

"அக்கா, உங்க தம்பிங்கறதால உங்களுக்கு அவன் அருமை தெரியல," என்றார் பெயிண்டர். "கால் வலிச்சவன் தொண்ணூறு நிமிஷம் நிப்பானா? இது எதிராளி கிளப்பிவிடுற புரளி. நீங்க போய் நம்பலாமா?"

"சார், நீங்க வாங்க," என்று வாத்தியாரை உள்ளே கூப்பிட்டாள்.

"இப்ப பாரும்மா, தர்க்கப்படி யோசிச்சா அந்தப் பூட்டுங்கறது..."

"தாடையைத் தூக்குங்க. தோளை முன்னாடி தள்ளுங்க. மூச்சை இழுத்து அடக்குங்க."

வாத்தியார் அடங்கினார். அந்த ஊரில் கால்பந்து விமர்சகர்களின் வாயை மூட முறையான பயிற்சி பெற்ற ஒரே ஆள் அவள்தான். ஆனால் ஒரு தடவைக்கு நாலு நொடிக்கு மேல் முடியாது.

பதினோரு மணிக்குக் கோச் வந்தார். ஜெயித்த சந்தோஷத்தில் ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கியிருந்தார்கள். கீழே போட்டதும் அவர்கள்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு அவர் நுழைந்ததும் காத்திருப்பு அறை எழுந்து நின்றது. நொண்டிக் கால்களும் எழுந்தன.

"என் கை நல்லா இருந்திருந்தா உங்களை விட்டிருக்கவே மாட்டேன் சார்," என்றார் பெயிண்டர், குரல் தழுதழுக்க.

டோக்கன் பன்னிரண்டு அவருடையது. பன்னிரண்டு வரைக்கும் இருந்த அத்தனை பேரும் வழிவிட்டார்கள்.

உள்ளே, சட்டையைக் கழற்றி நின்ற கோச் திடலில் தெரிகிற ஆளைவிடச் சின்னவராக இருந்தார். எக்ஸ்ரே அக்கா ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போனாள். அவள் கை சுவிட்சில் இருந்தது. நாக்கு எங்கேயோ இருந்தது.

"மூச்சை இழுத்து அடக்குங்க."

அடக்கினார். சுவிட்சை அழுத்தினாள். பிறகு கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே, ஒரே மூச்சில் கொட்டினாள். "சார், நான் மூணாம் நம்பரோட அக்கா. அவன் முட்டிச் சில்லுல விரிசல். பன்னெண்டாவது நிமிஷமே அடி. அவன் நின்னது தந்திரமும் இல்ல, மந்திரமும் இல்ல, ஓட முடியாமத்தான் நின்னான். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். ஞாயித்துக்கிழமை ஆடினா காலே போயிடும் சார்."

கோச்சின் முகம் சிவந்து, கண் பிதுங்கி வந்தது. அதிர்ச்சி என்று நினைத்தாள்.

அவர் ஒரு விரலைத் தூக்கி வாயைக் காட்டினார்.

"ஐயோ, விடுங்க சார், மூச்சை விடுங்க!"

விட்டார். விலா வலிக்க ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"விரிசல்னு தெரியாதும்மா," என்றார். "ஆனா நொண்டறான்னு தெரியும். இருபதாவது நிமிஷம் பார்த்தேன். மாத்து ஆளைக்கூட எழுப்பி ஓட வெச்சேன். அதுக்குள்ள முதல் கோல் விழுந்துடுச்சு. சரி, கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு விட்டேன். இன்னொரு கோல். அப்புறம் கூட்டம் பூட்டு பூட்டுன்னு கத்த ஆரம்பிச்சுது."

"அந்தப் பூட்டு நான் போட்டது இல்லைன்னு நீங்க யாருகிட்டயும் சொல்லலியே சார்."

"மூணு வருஷமா இந்த ஊர்ல என்னை முட்டாள்னுதான் கூப்பிட்டாங்க. என் பொண்ணு ஸ்கூல்ல வாங்காத பேச்சில்ல. முதல் தடவையா ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டாரு. இல்லைங்க, நான் ஒண்ணும் பண்ணலைங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவள் இழுப்பறையைத் திறந்து ஃபிலிமை எடுத்து வெளிச்சப் பெட்டியில் சொருகினாள். கோச் எழுந்து வந்து பார்த்தார். கறுப்புக் கோட்டின் மேல் கட்டை விரலை வைத்து ஒருதரம் துடைத்தார். இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தார். அப்போதுதான் அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி தன்மேல் என்று தெரிந்தது.

"உங்க விலா உடையல சார். வெறும் அடிதான்," என்றாள்.

"அப்படியா," என்றார், ஏதோ நஷ்டப்பட்டவர் மாதிரி. சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அவள் கதவிடுக்கில் நின்றாள். பெயிண்டர்தான் கேட்டார். "சார், ஒரே ஒரு கேள்வி. ஞாயித்துக்கிழமையும் பூட்டு உண்டுதானே?"

கோச் திரும்பி ஒரு கணம் அவளைப் பார்த்தார்.

"மூணாம் நம்பர் ஆடல."

"ஏன் சார்?"

"என் முடிவு."

அவர் படியிறங்கித் தெருவைத் தாண்டும் வரை காத்திருப்பு அறை மூச்சை அடக்கியிருந்தது. பிறகு வெடித்தது.

"களிமண்! நான் அன்னைக்கே சொன்னேன்!" என்று பெயிண்டர் நல்ல கையால் பெஞ்சைக் குத்தினார். "ஜெயிச்ச ஆளை உக்கார வைக்கிறான்னா இவனெல்லாம் ஒரு கோச்சா?"

வாத்தியார் மருந்துப் பாட்டிலை நிதானமாக மூடினார். "அவசரப்படாதீங்க பெயிண்டரே. நம்மகிட்ட எதுக்கு இதைச் சொன்னாரு? நாம ஊரெல்லாம் சொல்வோம்னுதான். எதிராளி காதுக்குப் போகும். ஞாயித்துக்கிழமை பார்த்தா, மூணாம் நம்பர் நிப்பான்."

பெயிண்டர் வாயைப் பிளந்தார். "சார்! மண்டையா அது!"

மதியம் இரண்டு மணிக்குத் தம்பி வந்தான். இந்த முறை முன்வாசல் வழியாக. கையில் கோச் எழுதிய கடிதம். இடது முழங்கால், படம் எடுத்து மாலைக்குள் டாக்டரிடம் காட்டவும். ரிசப்ஷனில் பெயர், வயது சொன்னான். டோக்கன் வாங்கினான். பெயிண்டர் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார். அவன் கவனிக்கவில்லை.

முறை வந்ததும் உள்ளே வந்து, மேசைமேல் தானாகவே ஏறிப் படுத்தான். அவள் முழங்காலுக்கு அடியில் மடித்த துணியை வைக்கப் போனபோது, அதை அவள் கையிலிருந்து வாங்கித் தானே வைத்துக்கொண்டான்.

"சாப்பிட்டியாடா?"

"படம் எடுங்க மேடம். வெளியே ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

பிறந்ததிலிருந்து அவன் அவளை நீங்க என்று சொன்னதில்லை. அவள் கண்ணாடிக்குப் பின்னால் போனாள். கதவுக்கு வெளியே பெயிண்டரின் குரல் கேட்டது: "பார்த்தீங்களா, எக்ஸ்ரே எடுக்கவே அனுப்பிட்டாரு! என்ன ஒரு நடிப்பு! எதிராளி ஆள் எவனாவது இங்கே உக்காந்திருப்பான், அவன் நம்பணுமில்ல?" பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எல்லோரும் பக்கத்தில் இருந்தவரைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் போலிருந்தது.

"அசையாதே," என்று சொல்லி சுவிட்சை அழுத்தினாள்.

முழங்கால் படத்துக்கு மூச்சை அடக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் அடக்கியிருந்தான். விட்டத்தைப் பார்த்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, நெஞ்சு துளிகூட ஏறி இறங்காமல் கிடந்தான்.

"முடிஞ்சுதுடா. மூச்சை விடு," என்றாள்.

அவன் விடவில்லை. அவள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.