ஷகீல் கேட்க வேண்டிய கேள்வி

1

இந்தக் கதை ஒரு பதில் கடிதமாகத் தொடங்கியது. மாலைக் கணினி வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரன் ஷகீல், ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய நோட்டீஸை நீட்டி, "தினம் டைரி எழுதுறல்ல, இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடுடா" என்றான்.

"ஐயா, அன்று காலை நான் என் பைக்கில்…" (விட்டுவிட்டேன். 'நான்' என்று எழுதினால் என் முழங்கால் வலிக்கிறது.)

"சாலை விபத்துகள் பெருகிவரும் இக்காலத்தில்…" (இதையும். இது பள்ளிக் கட்டுரை.)

2

ஷகீல் காரைக்காலிலிருந்து திருநள்ளாற்று டீக்கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகிறவன். அன்று சனிக்கிழமை. ரொட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது முன்னால் போன கார், எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட நின்றது. ஷகீலும் காலை ஊன்றி நின்றான். கார் ரிவர்ஸில் பின்னால் வந்தது. ஹாரன் அடித்தான். வந்துகொண்டே இருந்தது. காரின் பின்விளக்கு நொறுங்கி, டிக்கிக் கதவு ஒடுங்கியது. அவன் பைக்கோடு சாய்ந்தான்.

போலீஸ் வந்து காகிதங்களைக் கேட்டது. பைக்கின் இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் வேறெதையும் கேட்கவில்லை. காரைச் சரிசெய்த செலவைக் கொடுத்த கம்பெனி, ஷகீல்தான் பின்னால் வந்து மோதினான் என்று சொல்லி, அதை இப்போது அவனிடம் கேட்கிறது. கொடுக்க வேண்டுமென்றால் பைக்கை விற்க வேண்டும். பைக் போனால் வேலையும் போகும்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இன்சூரன்ஸ் போடாதது ஒரு தப்பு. அதை ஷகீல் ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டிவிட்டான். இடித்தது வேறொரு தப்பு. முதல் தப்பைச் செய்தவன் இரண்டாவதையும் செய்திருப்பான் என்று எல்லோருக்கும் ஏன் தோன்றுகிறது? எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது.

3

காரை ஓட்டிய சிவநாதனை நான் முதலில் ஒரு திமிர்பிடித்த ஆளாக எழுதினேன். காரணம் இருந்தது. இடித்த பிறகும் அவர் இறங்கவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. நேராகச் சாலையைப் பார்த்தபடியே கத்தினார்.

"யோவ், முன்னாடி வந்து பேசுய்யா!"

"இடிச்சது பின்னாடி சார். நீங்க வந்து பாருங்க."

"அவர இறங்கச் சொல்லாதீங்க தம்பி" என்றார் பக்கத்திலிருந்த மனைவி நீலாயதாட்சி. அவரும் திரும்பவில்லை. "பொண்ணு இப்பதான் ஆஸ்பத்திரிலேந்து வந்துருக்கு. நீங்களே முன்னாடி வாங்க."

ஷகீல் நொண்டிக்கொண்டே காரைச் சுற்றிப்போய்த் திட்டு வாங்கினான்.

மறுநாள் ரொட்டி இறக்கும்போது டீக்கடை செல்லையனிடம் சொல்லி ஆற்றிக்கொண்டான். அவர் சிரித்துவிட்டார்.

"நளன் குளத்துல முழுகிட்டு வந்துருப்பாங்கப்பா. பழைய துணிய விட்டுட்டுக் கெளம்புனா திரும்பிப் பாக்கக் கூடாதும்பாங்க. சனி பின்னாலயே வந்துடுமாம். சில பேரு வீடு போற வரைக்கும் பாக்க மாட்டாங்க."

"அப்ப ரிவர்ஸ் எடுக்குறப்ப?"

செல்லையன் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

4

காரின் உள்கண்ணாடி கூரையைப் பார்த்தபடி திருப்பிவைக்கப்பட்டிருந்தது.*

* இது ஷகீல் சொன்னதல்ல. நான் சேர்த்தது. கடிதத்தில் போட்டால் பொய். கதையில் போட்டால் நன்றாக இருக்கிறது. அடித்துவிடுகிறேன். (அடிக்க மனம் வரவில்லை. இல்லாததாக எண்ணிக்கொள்ளுங்கள்.)

5

திங்கட்கிழமை சமரசப் பேச்சு. கம்பெனி ஆளோடு சிவநாதனும் மனைவியும் வருகிறார்கள். ஷகீலிடம் சாட்சி இல்லை, வீடியோ இல்லை. ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: "ரிவர்ஸ் எடுக்குறப்ப திரும்பிப் பாத்தீங்களா சார்?"

முடிவு அ: "பாக்கல" என்கிறார். கம்பெனி ஆள் பேனாவை மூடுகிறார். பைக் பிழைக்கிறது.

முடிவு ஆ: "பாத்தேன், இவன்தான் வேகமா வந்து மோதுனான்" என்கிறார். நீலாயதாட்சி மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்க்கிறார். மகளுக்காக முழுகிய முழுக்கு வீண். பைக்கும் போகிறது.

ஆ எழுதிய பிறகு எனக்குத் தூக்கமில்லை. இன்னொருவருடைய நம்பிக்கையைக் கண்ணியாக வைக்கலாமா? அதனால் ஷகீல் கேட்காமலே பணத்தைக் கட்டுவதாக முடிவு இ எழுதி, அவன் வீட்டில் வாசித்தேன். அவன் மனைவி அஸ்ஃபியா பாதியில் நிறுத்தினாள்.

"நல்லாருக்கு அண்ணே. வண்டிய நீங்க வித்துட்டீங்க, ரொட்டிய யாரு தலையில சொமக்குறது?"

"இல்லம்மா, அந்தம்மா மனசு…"

"அந்தம்மா மனசு நோகக் கூடாது, சரி. இவரு பொய்க்கு ஒத்துக்கலாமா? அந்தப் பொண்ணு நல்லாருக்கணும்னு நானும்தான் துவா கேட்டேன். அதுக்காக எங்க வண்டியயும் கேப்பீங்களா?"

ஷகீல் கேட்டான்: "அந்தம்மா வெளில போனப்புறம் கேட்டா?"

"பொண்டாட்டி இல்லாத எடத்துல எந்த ஆம்பள உண்மையச் சொல்லுவான்?" என்றாள் அஸ்ஃபியா.

6

இன்று ஞாயிறு. கடிதம் முடிந்துவிட்டது. கேள்வியை மட்டும் அதில் எழுதவில்லை, அது வாயால் கேட்க வேண்டியது. முடிவு ஈ என்று ஒன்றைத் தொடங்கி…

வேண்டாம். நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கு எழுதினால், அதுவும் அந்தக் கண்ணாடி மாதிரிதான். உங்களுக்கு ஷகீலின் நாற்காலியைத் தருகிறேன். எதிரே சிவநாதன். பக்கத்தில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நீலாயதாட்சி. கம்பெனி ஆள் உங்களைப் பார்த்து, "உங்க தரப்புல ஏதாவது கேக்கணுமா?" என்கிறார்.