ஒரு சஹனில் இரண்டு கைகள்

1

இந்தக் கதை ஓர் ஏப்பத்தில் பிறந்தது. இன்னும் கௌரவமான இடத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் சாட்சி இருக்கிறது. போன வருடம் நாகூரில் ரஹ்மத் பீவி வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு, எழுந்திருக்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தேன். கடையை இப்போது நடத்தும் கமருன்னிஸா எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. என்ன தொழில் என்று கேட்டார். கதை எழுதுகிறேன் என்றேன். கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் இரண்டாம் முறை சோறு வாங்குவதைக் கவனித்திருப்பதாகச் சொன்னார். அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் நான் கீழே கெடுக்கப்போகிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'காவிரி கடலைத் தொடும் அந்தப் பொன் விளையும் பூமியிலே...'

வேண்டாம். பொன் விளைந்திருந்தால் நெல்லுக்காக யாரும் அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது: 'உண்ணாவிரதத்தின் நான்காம் நாள், கண்ணுசாமி யாருக்கும் தெரியாமல் நாகூருக்கு பஸ் ஏறினார்.' இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு பக்கம் திருட்டுத்தனமாகக் கறி தின்னும் பிராமண மிராசுதார், இன்னொரு பக்கம் திருட்டுத்தனமாகச் சோறு தின்னும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர். தராசு நேராக நிற்கும். எழுதுகிறவன் நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கலாம். கமருன்னிஸாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அந்த ஆள் உண்ணாவிரதமே இருக்கவில்லை, பிறந்ததிலிருந்து இருந்த பட்டினி போதாதா என்று கேட்டார். அடித்துவிட்டேன். (அடித்ததை உங்களுக்குக் காட்டாமலே இருந்திருக்கலாம். நல்ல வாக்கியம், மனசு வரவில்லை.)

3

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

1972, தை மாதம். உதயசூரியன் ஆட்சிக்கு வந்து ஐந்தாவது வருடம். நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது. மிராசுதார்களின் நிலமெல்லாம் அவசர அவசரமாக அத்தை பேருக்கும், கோயில் பேருக்கும், செத்துப்போன சித்தப்பா பேருக்கும் மாறியிருந்தது. வயலில் இறங்கி அறுக்கிறவர்கள் பேருக்கு மட்டும் மாறவில்லை.

கமருன்னிஸாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி இரண்டு வருடம். மாமியார் ரஹ்மத் பீவி சமைப்பார், கணவர் மீரா உசேன் பரிமாறுவார். கமருன்னிஸாவின் வேலை திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாத்திரங்களை நிரப்பி நீட்டுவது. திரை தரையைத் தொடாது, முழங்கால் உயரத்துக்கு இடைவெளி இருக்கும். அதன் வழியாக, பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் கைகள் மட்டும் தெரியும். முகம் தெரியாது. வாடிக்கைக்காரர்கள் எல்லோரையும் அவர் கையை வைத்தே அறிந்திருந்தார். கையில் பொய் சொல்ல வழியில்லை என்பது அவருடைய அபிப்பிராயம்.

வியாழக்கிழமை தர்காவுக்குக் கூட்டம் வரும். அன்று தனித்தட்டு கிடையாது. சஹன் என்கிற அகலத் தட்டில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, தனியாக வருகிறவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துவிடுவார்கள். யாரோடு என்று கேட்கக் கூடாது. ரஹ்மத் பீவியின் இன்னொரு சட்டம் இதைவிடக் கண்டிப்பானது. பாயில் பார்த்ததை வாசலுக்கு வெளியே பேசக் கூடாது.

4

மாதம் ஒருமுறை ஒரு கை வரும். மெத்தென்ற விரல்கள், பச்சைக்கல் மோதிரம். பெயர் கிருஷ்ணன், இன்சூரன்ஸ் கம்பெனி என்று மீரா உசேனிடம் சொல்லியிருந்தார். கமருன்னிஸா நம்பவில்லை. அந்தக் கை சாப்பிடும் முன் தானாகத் தண்ணீரை எடுத்து, தட்டைச் சுற்றிப் பாதிதூரம் போகும். நடுவில் ஆட்டுக்கறி இருப்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும், நின்றுவிடும்.

(இங்கே ஓர் அடிக்குறிப்பு. இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டுச் சாப்பிடும் பிராமண வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் அந்தக் கையைக் கிண்டல் செய்யவில்லை. அத்தனை ருசியின் நடுவிலும் சாமியைப் பாதி ஞாபகம் வைத்திருந்த கை அது.)

கிருஷ்ணனின் முழுப்பெயர் சந்தானகிருஷ்ணன். மேற்கே ஒரு கிராமத்தில் பெரிய மிராசு. அந்த வியாழக்கிழமை காலை நாகப்பட்டினத்தில் சப்-கலெக்டர் முன்னால் பேச்சுவார்த்தை. பதின்மூன்று நாளாக அவர் வயலில் அறுப்பு நின்றுபோயிருந்தது. வெளியூர் ஆள் இறக்கக் கூடாது, கதிர்க்கட்டு திருடியதாகப் பொய்க்கேஸ் போட்டு உள்ளே வைத்திருக்கும் ஒன்பது பேரை விட வேண்டும் என்றது சங்கம். சங்கத்துக்காகப் பேசியவர் கண்ணுசாமி. அவருடைய அப்பா காத்தான் அதே பண்ணையில் பண்ணையாளாக இருந்து செத்தவர். ஒன்பது பேரில் ஒருவன் அவர் தம்பி இராஜாங்கம். சந்தானகிருஷ்ணன் எதற்கும் ஒப்பாமல் எழுந்து போய்விட்டார். எழுந்து நேராக எங்கே போனார் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

கண்ணுசாமி தம்பியைச் சிறையில் பார்த்துவிட்டு, மனைவி பொன்னுத்தாய் நேர்ந்துகொண்டிருந்தபடி தர்காவில் சர்க்கரை வைத்து ஓதவைத்துவிட்டு, பசியோடு அதே வீட்டுக்கு வந்தார். மீரா உசேன் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

கமருன்னிஸா பார்த்தது இது. மோதிரக் கை தண்ணீரோடு பாதிச் சுற்றில் இருந்தது. எதிரே இன்னொரு கை வந்து இறங்கியது. கருத்த கை, ஆள்காட்டி விரலில் அரிவாள் வெட்டிய தழும்பு. மோதிரக் கை அப்படியே நின்றது.

"தண்ணியச் சுத்தி முடிங்க. அதுவரைக்கும் இருக்கேன்" என்றது தழும்புக் கையின் குரல்.

இந்த இடத்தில் மிராசுதார் துள்ளி எழுந்து ஓட வேண்டும் என்று விரும்பினேன். எழுதியும் பார்த்தேன். கமருன்னிஸா ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் ஓடவில்லை என்று கேட்டேன். கறி வந்துவிட்டது என்றார்.

இருவரும் சாப்பிட்டார்கள். அவரவர் பக்கத்துச் சோற்றை மட்டும் தொட்டார்கள். நடுவில் சோறு வரப்பு மாதிரி நின்றது. வரப்பின்மேல் ஒரு நல்லி எலும்பு கிடந்தது. அது யாருடையது என்று சட்டத்தில் இல்லை.

பாதிச் சாப்பாட்டில் கண்ணுசாமி பேசினார். இதை நான் எவ்வளவோ உன்னதமாக எழுதியிருக்கலாம். ஆனால் அவர் வாயில் சோற்றோடு, நேரடியாக மிரட்டினார்.

"கேஸ வாபஸ் வாங்குங்க. வெளியாள அனுப்பிடுங்க. இல்லன்னா நேரா ஆனந்தம் அம்மாகிட்ட போயி, ஒங்க வீட்டுக்காரரு எங்க சாப்பிடுறாருன்னு சொல்லிப்புடுவேன்."

மிராசுதார் கொஞ்ச நேரம் மென்றார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்.

"போய்ச் சொல்லேன். நீ சொன்னா எவன் நம்புவான்?"

தழும்புக் கை சோற்றில் அப்படியே கிடந்தது. பிசையவில்லை, எடுக்கவில்லை. கமருன்னிஸா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை மறுபடி அசைந்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன் என்று என்னிடம் சொன்னார். அது அசையவில்லை.

"நான் சொல்லுவேன்."

பாயில் இருந்த எல்லாக் கைகளும் நின்றுபோயின. திரைக்குப் பின்னாலிருந்து பெண்குரல் வருவது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

"ரெண்டு வருசமா அந்தக் கையப் பாக்குறேன். பஸ் ஏறி வந்து அவங்ககிட்ட சொல்லுவேன்."

ரஹ்மத் பீவி அடுப்படியிலிருந்து வந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்ததாம். மிராசுதார் கையலம்பிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினார்.

5

நான்காம் நாள் கேஸ் வாபஸானது. இராஜாங்கமும் மற்ற எட்டுப் பேரும் வெளியே வந்தார்கள். அதற்கு மறுநாள் உள்ளூர் ஆட்களே வயலில் இறங்கினார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரலால்தான் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் கதிர் முற்றி நெல் உதிரத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மானம் போனால் எத்தனை நாள் தாங்கும், நெல் உதிர்ந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று சந்தானகிருஷ்ணன் எப்படிக் கணக்குப் பார்த்தாரோ, எனக்குத் தெரியாது. தெரிந்ததாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள்.

கண்ணுசாமி ஊரில் யாரிடமும் மூச்சுவிடவில்லை, பொன்னுத்தாயிடம் தவிர. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் கேட்ட ஒரே கேள்வி, நல்லியை யார் தின்றது என்பது. தான்தான் என்றிருக்கிறார். நல்லது என்றாராம் பொன்னுத்தாய்.

ரஹ்மத் பீவி நாற்பது நாள் மருமகளோடு பேசவில்லை. பேசியபோது, தான் கண்மூடும்வரை இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த வீட்டுக்கு அந்தச் சாப்பாட்டைத் தவிர வேறு வருமானம் இல்லை. வாடிக்கைக்காரரைக் காட்டிக்கொடுத்த வீடு என்று பேர் வந்தால் யார் படியேறுவார்கள்? நான் மாமியாரைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

சந்தானகிருஷ்ணன் ஒரு வருடம் வரவில்லை. பிறகு வந்தார். வியாழக்கிழமைகளைத் தவிர்த்து.

6

இங்கே நிறுத்தியிருந்தால் அழகான கதை. ஆனால் 1975 சித்திரையில், உச்சி வெயிலில், மடிசார் கட்டிய ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றார். மீரா உசேன் மீன் வாங்கப் போயிருந்தார். கமருன்னிஸாதான் கதவைத் திறந்தார். உள்ளே வாங்க என்றதற்கு அந்த அம்மாள் வரவில்லை. தன் பெயர் ஆனந்தம் என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"எங்காத்துக்காரர் இங்க வந்து சாப்பிடறாரா?"

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. இல்லை என்று சொல்லி அனுப்புவது ஒன்று. ஆமாம் என்பது இன்னொன்று. மூன்றாவதில் ஆனந்தம் உள்ளே வந்து உட்கார்ந்து, கண் கலங்கி, ஒரு பிடி நெய்ச்சோறு சாப்பிடுவார். பதிப்பாளருக்கு மூன்றாவதுதான் பிடித்தது. அதனாலேயே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. தவிரவும், அந்த அம்மாளுக்கு அப்போது பசியில்லை.

கமருன்னிஸா என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியும். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, "நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டார். நான் நேரமாகிவிட்டது, பாபநாசத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும் என்று எழுந்துகொண்டேன். அப்படிப்பட்டவன் அவர் பதிலை எடுத்து இங்கே எழுதிப் பேர் வாங்கிக்கொள்வது சரியில்லை.

ஆகவே கதவைத் திறந்தது நீங்கள்தான். மிராசுதார் அன்றைக்குக் கேட்டபடி கேஸை வாபஸ் வாங்கிவிட்டார். மாமியார் உள்ளே பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனந்தம் இரண்டு பஸ் மாறி, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வந்திருக்கிறார். காலில் செருப்பில்லை, தரை கொதிக்கிறது. யோசியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த அம்மாளை ரொம்ப நேரம் நிற்கவைக்காதீர்கள்.