முட்டை வண்டியில் கரண்ட் கசிவு

1

“ஓடுற வண்டிக்குக் கரண்ட் வேணும், சரி. சும்மா நிக்கிற வண்டியில கரண்ட் எங்கடி போகுது?”

அம்மா ஒரு காலையில் கேட்டாள். நான் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல மூச்சில்லை. இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘அந்த வெள்ளை பிக்கப், வயதான யானையைப் போல வாசலில்’

நான் யானையைப் பக்கத்தில் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘விதியின் மின்சாரம் எப்போதும்’

இதை எழுதியது நான்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது.

2

ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். அம்மா கடைகளுக்கு முட்டை போடுகிறவள். அதற்காகப் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினாள். சாயங்காலம் நன்றாக ஓடிவந்து நிற்கும். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. மெதுவாகத் தள்ளினால் வண்டி கிளம்பாது. வேகமாகத் தள்ளினால் முட்டை தாங்காது.

விற்றவர் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இந்தக் கதை நடந்த அன்று ஏழாவது நாள்.

எனக்கு அந்த வண்டி வேண்டும். எங்கள் வீட்டில் அறை இரண்டு, ஆள் ஐந்து. உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டு உட்கார ஒரு இடம் எனக்கு முதன்முதலில் கிடைத்தது அந்த வண்டியில்தான். மதியம் எல்லோரும் படுத்த பிறகு அங்கே போய் எழுதுவேன். எழுதி முடித்ததும் இருக்கைக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டிக்குள் நோட்டைத் திணித்துவிடுவேன். இருநூறு பக்க நோட்டு. பெட்டியின் மூடி முழுதாக மூடாது.

(பள்ளிக்கூடம் போகாத பெண் என்ன எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். கதைதான். எல்லாக் கதையிலும் அம்மா முதல் பக்கத்திலேயே செத்துப்போவாள். விரோதம் ஒன்றுமில்லை. அம்மா உயிரோடு இருந்தால் வேறு யாரையும் பேச விடமாட்டாள், கதை நகராது.)

3

எலக்ட்ரீஷியன் வந்தார். கழுத்தில் எப்போதும் கரண்ட் அளக்கும் மீட்டரைத் தொங்கவிட்டிருப்பதால் அவருக்கு மீட்டர் என்றே பெயர். பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைச் சேர்த்து, என் கையில் கொடுத்தார்.

“நான் உள்ள உக்காந்து ஒவ்வொரு ஃபியூஸா உருவுறேன். நீ நம்பரைப் படி. எதை உருவும்போது நம்பர் விழுதோ, அந்த லைன்லதான் திருடன்.”

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து நான் போகவில்லை.

“ஒண்ணு புள்ளி எட்டு.”

“சத்தமாச் சொல்லும்மா. நான் என்ன உன் தொண்டைக்குள்ளயா உக்காந்திருக்கேன்? இப்போ?”

“ஒண்ணு புள்ளி எட்டு.”

“இப்போ?”

“ஒண்ணு புள்ளி எட்டு.”

“ஒரு நாளைக்கு மூணு வார்த்தைதான் பேசுவா தம்பி,” என்றாள் அம்மா. “இன்னிக்கு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றா.”

கடைசி ஃபியூஸையும் உருவியாயிற்று. எண் அசையவில்லை. மீட்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“எங்கயாவது ஒரு மூடி சரியா மூடாம, உள்ள ஃபியூஸ் இல்லாம யாரோ மாட்டுன குட்டி லைட் எரிஞ்சுட்டே இருந்தாக்கூட ராத்திரியில பேட்டரியக் குடிச்சிடும் அக்கா.”

 கரண்ட் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கதைகளுக்கு வெளிச்சம் காட்டத்தான் போகிறது! அவருடைய முழங்காலுக்கு நேர் எதிரே அந்தப் பெட்டி.

“போதும் தம்பி,” என்றாள் அம்மா. “வண்டியக் கொண்டுபோய் அந்தாள் தலையிலயே கட்டிட்டு வந்துடுறேன்.”

4

இனி என்ன நடக்கலாம்?

அ) நான் வாயைத் திறக்கவில்லை. நோட்டு தப்பியது, வண்டி போயிற்று. (எனக்குப் பொருத்தமான முடிவு. அதனாலேயே பிடிக்கவில்லை.)

ஆ) அம்மா அப்போது மாரடைப்பில் (இல்லை. மறுபடியுமா?)

இ) இதுதான் நடந்தது:

“அம்மா, லைட்டு எரியுறது என்னாலதான்.”

ஐந்து வார்த்தைக்குள்தான் வரும், எண்ணிப் பாருங்கள். பெட்டியைத் திறந்து, நோட்டை எடுத்து, அம்மா கையில் கொடுத்தேன். என் வாழ்க்கையிலேயே பெரிய தியாகம் அது என்று நினைத்தேன். கதையை இங்கேயே முடித்திருந்தால் உங்களுக்கும் கண் கலங்கியிருக்கும்.

மீட்டர் அண்ணன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இதுக்குள்ள பல்பே இல்லையேம்மா.”

நானும் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினேன்.

“பல்பு மாட்டுற இடமே இல்ல. உங்க வண்டிய விட விலை ஜாஸ்தியான வண்டிக்குத்தான் அதெல்லாம்.”

நோட்டைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அம்மா அதற்குள் பிரித்துவிட்டிருந்தாள்.

5

மீட்டர் அண்ணன் இறங்கி முன்பக்கம் போனார். ஃபியூஸ் எதையும் தொடாமல் நேராகப் பேட்டரிக்குப் போகிற தடித்த வயர் ஒன்று, பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் டைனமோவில் இருந்தது. அதன் நட்டைக் கழற்றினார்.

“இப்போ?”

“பூஜ்ஜியம்!”

தெருவே கேட்கும்படி சொன்னேன். எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அம்மா திரும்பவில்லை.

“டைனமோதான்க்கா! உள்ள டயோடு போயிடுச்சு, கரண்ட் பின்வழியா ஓடுது. கழட்டுன வயரைச் சுத்தி வெச்சுட்டு, என் பேட்டரியைப் போட்டுத் தரேன். இப்படியே பார்ட்ஸ் கடை வரைக்கும் போயிடலாம். அக்கா? அக்காவ்!”

அவர் பக்கத்தில் போய் நோட்டை எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, இதுல நீங்க செத்துட்டீங்க போலிருக்கே.”

அம்மா பக்கத்தைத் திருப்பினாள்.

“இதுலயும் போயிட்டீங்க.”

இன்னொரு பக்கம்.

“அடடே, இதுல இடி விழுந்து.”

எதற்கும் பத்து வார்த்தை பதில் வைத்திருப்பவள் அம்மா. அன்று ஒன்றுகூட வரவில்லை. எல்லாக் கதையிலும் அவள் வாயை அடைத்து வைத்தேன். நேரில் அடைத்துப் பார்த்தபோது, நோட்டைப் பிடுங்கவும் எனக்குத் தோன்றவில்லை.

6

எங்கள் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் பார்ட்ஸ் கடை. வலப்பக்கம் திரும்பினால் வண்டியை விற்றவரின் கொட்டகை. அம்மாவுக்கு இண்டிகேட்டர் போடுகிற வழக்கமில்லை. தெருமுனையில் என்ன நடந்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்; என் கதையில் இத்தனை தடவை செத்தவள் மேல் இன்னும் எனக்கென்ன அதிகாரம்? இந்தக் கதையை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீட்டர் அண்ணன் பானெட்டை இறக்கினார். அம்மா நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். ஏழு நாளில் முதல் தடவையாக, எங்கள் வாசலில் யாரும் தள்ளாமல் வண்டி உறுமியது. என்னை ஒருமுறை, மேலிருந்து கீழாக, முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு கியரைப் போட்டுக் கிளம்பிப் போனாள்.