கடைசிப் பக்கத்து மிளகாய்கள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சட்டை போடாத ஓர் ஆள் அட்டையில் மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கும் புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், பென்சில் எழுத்தில் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை, எடுத்துக்கொண்டேன்.

விரபின், கடல் தாண்டி வந்து நான் சேர்ந்த ஒரு கோதுமை ஊர். அதன் ஒரே மருந்துக்கடையை நடத்துகிறவள் நான். கோமதி என்ற பெயரை வந்த வாரமே கோமோ என்று வெட்டிவிட்டார்கள். இங்கே யார் பெயரையும் முழுசாக விட்டுவைப்பதில்லை. ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் நொலீன் பிராட்டிடம், எழுதியதை அவ்வப்போது ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டுவேன். கதாநாயகி அவள்தானே, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்றுதான் ஆரம்பித்தது. இப்போது நான் அவளிடம் கூலிக்கு எழுதுகிறவள் மாதிரி ஆகிவிட்டேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "விரபினில் அன்று விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது. சன்னல் கண்ணாடியில் நொலீன் தன்—"

"மழையா? எந்த ஊர்ல?" என்றாள் நொலீன். "போன வருஷம் பூரா பெஞ்சத ஒரு வாளியில பிடிச்சிருக்கலாம். உன் கதையில எப்பப் பாத்தாலும் மழை பெய்யுது, யாராவது சாகுறாங்க, யாரும் யாரையும் தொடுறதே இல்ல. ஒரு மிளகாய்கூடத் தேறாது கோமோ."

அடித்துவிட்டேன். இரண்டாவது: "கணவன் பிரிந்துபோன நொலீனின் தனிமையில்—"

"ரே கேரவானை எடுத்துக்கிட்டு வடக்க போனான். எனக்கு வருத்தம் கேரவானைப் பத்தித்தான். முதல் வரியிலயே அவன் எதுக்கு வந்து உக்காந்திருக்கான்? நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறேன். அதை எழுது."

மூன்றாவது தொடக்கம்தான் நின்றது. பள்ளிப் பேருந்து ஓட்டும் நொலீன் பிராட்டுக்கு அந்த ரத்தக்காட்டேரியை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

2

ரத்தக்காட்டேரி புத்தகத்தில்தான் இருந்தான். புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பின் தேநீர் அறை மூலையில் ஓர் அலமாரி உண்டு. ஊர்ப் பெண்கள் படித்து முடித்த காதல் நாவல்களைக் கொண்டுவந்து அடுக்கிவைக்கும் அலமாரி. பாதிப் புத்தகங்களில் பக்கத்து வீட்டுத் தீயணைப்பு வீரன் வருவான். மீதிப் பாதியில் காட்டேரி, ஓநாய்மனிதன், சிறகு முளைத்த கோடீஸ்வரன். எல்லாருக்கும் வயிற்றில் ஆறு கட்டுத் தசை. அட்டையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே ஓநாயை இரண்டு முறை வீட்டுக்குக் கூட்டிவந்து பாதியில் முழித்துக்கொண்டவர்கள் உண்டு.

அதனால் ஒரு வழக்கம். படித்தவர்கள் நாற்பதாம் பக்கத்து எண்ணுக்குப் பக்கத்தில் தங்கள் அடையாளத்தைப் போடுவார்கள். நொலீனுக்கு ஒரு சக்கரம். கிளப் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் அவள் தோழி கிளெனிசுக்கு ஒரு தேநீர்க் கோப்பை. கடைசிப் பக்கம் அபிப்பிராயத்துக்கு: எத்தனை சூடு என்று மிளகாய் வரைந்து, கீழே ஒரு வரி. ஐந்து மிளகாய் என்றால் புத்தகத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.*

நொலீனின் வரிதான் ஊருக்குத் தீர்ப்பு. அந்தக் காட்டேரிக்கு அவள் ஒற்றை மிளகாய் போட்டு எழுதியது: "நானூறு வயசு. நானூறு வருஷத்துல ஒரு தட்டு கழுவினதில்ல." ஓர் ஓநாய்மனிதனுக்கு: "ஓநாயா மாறும்போது உடுப்பெல்லாம் கிழியுது. திரும்பி வரும்போது ஜீன்ஸ் மட்டும் எங்கேர்ந்து வருது? யார் துவைச்சது?" தீயணைப்பு வீரனுக்கு மூன்று மிளகாய் தாராளமாகக் கொடுத்தாள். அவன் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான், ஒரு அத்தியாயம் முழுக்க.

* இவர்களுடைய ஐந்து மிளகாய் நம் வீட்டு ரசத்துக்குக் காணாது. புத்தகத்தைச் சொல்லவில்லை, மிளகாயைச் சொல்கிறேன். புத்தகங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் படித்திருக்கிறேன்.

3

போன கோடையில் யாரோ நொலீனுக்குப் பதில் எழுத ஆரம்பித்தார்கள்.

அவள் தீர்ப்புக்கு நேர் கீழே, கட்டம் கட்டமான பெரிய எழுத்தில், அழுத்திய பென்சிலில். "தோள்ல அடிபட்ட நாய் மூணு நாள் எழும்பாது. இந்த ஓநாய் அன்னிக்கே சுவர் தாண்டுறான். அது தப்பு. ஆனா அவ ஈரத் தலையை அவன் துவட்டி விடுற இடம் சரியா இருக்கு. நாலு மிளகாய்." அதே புத்தகத்துக்கு நொலீன் போட்டிருந்தது ஒன்று.

நாற்பதாம் பக்கத்தில் புது அடையாளம் எதுவும் இல்லை. அடையாளம் போடாமல் அபிப்பிராயம் எழுதுவது இந்த ஊரில், வரிசையில் நிற்காமல் உள்ளே நுழைவதற்குச் சமம்.

"நீதானடி இது?" என்று கிளெனிசைச் சமையலறையில் மடக்கினாள் நொலீன்.

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. உன்னை எதிர்த்து எழுதிட்டு இந்த ஊர்ல யார் குடியிருக்கிறது?"

"தலை துவட்டுறானாம், நாலு மிளகாயாம்! தலை துவட்டுறதுல என்னடி சூடு இருக்கு?"

"உனக்கு யாராச்சும் துவட்டி விட்டிருக்காங்களா?"

அந்தக் கேள்வியே கிளெனிஸ்தான் ஆள் என்பதற்குச் சாட்சி என்று முடிவுகட்டினாள். தோழியைக் குத்துவதாக நினைத்துக்கொண்டு, அந்தப் பதிலுக்குக் கீழேயே எழுதினாள்: "இப்படி எழுதுற ஆளை வாழ்க்கையில யாரும் ஒரு தடவைகூட ஆசையாத் தொட்டிருக்க மாட்டாங்க." புத்தகத்தை அலமாரியில் செருகிவிட்டுச் சிரித்துக்கொண்டே பஸ் எடுக்கப் போனாள்.

(இந்த இடத்தில் நொலீனைக் கொஞ்சம் நல்லவளாக்கிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. "வேணாம், நான் அப்படித்தான் எழுதினேன்" என்றாள் அவளே.)

4

பள்ளிக்கு விளையாட்டு நாள் வந்து, ஒரு மத்தியானம் பஸ் வேலை இல்லாமல் போனது. நொலீன் கிளப் சமையலறையில் கிளெனிசுக்காக லாமிங்டன் கேக்குக்குத் தேங்காய்த்தூள் புரட்டிக்கொண்டிருந்தாள். பரிமாறும் சன்னல் வழியாக அலமாரி தெரிந்தது. அதன் முன்னால் மெர்வ் டக்கெட் நின்றிருந்தான்.

மெர்வ் கிளப்பின் புல்தரையைப் பார்த்துக்கொள்கிறவன். ஒரு நாளைக்கு அவன் பேசும் வார்த்தைகளை எண்ண ஒரு கை போதும், அதிலும் பாதி "பூட்ஸைக் கழட்டு" என்பதுதான். காதில் எப்போதும் ஒரு பென்சில். அது புல் உயரத்தைக் குறித்துக்கொள்ள என்று ஊரே நினைத்திருந்தது.

அவன் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தான். அட்டையைப் பார்க்கவில்லை. நாற்பதாம் பக்கத்தைத் திறந்தான், பார்த்தான், வைத்தான். ஒன்றில் மட்டும் நின்று, கட்டை விரலால் எதையோ தொட்டான், அதை அக்குளில் இடுக்கிக்கொண்டான். பிறகு, போகிற போக்கில், நொலீன் குத்தி எழுதிய அந்த ஓநாய்ப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தான்.

படித்தான். மறுபடி படித்தான். காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். இடுக்கியிருந்த புத்தகத்தோடு வெளியே போய்விட்டான்.

நொலீன் தேங்காய்த்தூள் கையோடு ஓடிவந்து அவன் திறந்து பார்த்த புத்தகங்களையெல்லாம் திறந்தாள். அவன் பதில் எழுதியிருந்த ஒவ்வொன்றிலும், நாற்பதாம் பக்கத்தில், ஒரு சின்னப் பறவை. ஷர்லின் அடையாளம். இந்த அறையிலேயே எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள், மெர்வின் மனைவி, இரண்டு குளிர்காலத்துக்கு முன் இறந்துபோனவள். ஷர்ல் படித்த புத்தகங்களாகப் பார்த்துப் பார்த்துத் தேடிப் படித்துக்கொண்டிருந்தான் அந்த மனுஷன். புது அடையாளம் எதற்கு? அவள் பறவைக்குப் பின்னாலேயேதான் அவன் போய்க்கொண்டிருந்தான்.

யாரும் ஆசையாத் தொட்டிருக்க மாட்டாங்க. நொலீனுக்குத் தன் வரியே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் காலை ஒரு நிறுத்தத்தில் பிள்ளைகள் கையாட்டிக்கொண்டிருக்க, நிற்காமல் ஓட்டிக்கொண்டு போனாள்.

5

[இந்தப் பகுதியில் மெர்வ் புல்தரை நடுவே மண்டியிட்டு அழுதான். மழை பெய்தது. நொலீன் கேட்டுவிட்டு, "மெர்வ் அழ மாட்டான். புல் வெட்டுவான்" என்றாள். வெட்டினான். பகுதி நீக்கப்பட்டது.]

6

கடைசிப் பக்கங்களில் பெரிய எழுத்துகள் நின்றுபோயின. யாரும் எதிர்த்துப் பேசாத தீர்ப்புகள் நொலீனுக்கே சப்பென்றிருந்தன. சனிக்கிழமை கிளப்பில், இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கலுக்குக் கூட்டம் கூடியிருந்தபோது, மெர்வ் பக்கத்தில் போய் நின்றாள்.

(இங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நீயா, நீங்களா என்று பிரிப்பது என் தலையில் விழுந்த வேலை. இவ்வளவு காலம் ஒரே ஊரில் இருந்தவர்கள், நீ என்றே வைத்துக்கொள்கிறேன்.)

"மெர்வ், புல்லு நல்லா வந்திருக்கு."

"வறண்டு கெடக்கு."

"அது… ஆமா. வறண்டுதான் கெடக்கு."

"ம்."

அவ்வளவுதான். பஸ் நிறையக் கத்தும் பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவள், ஒரு மன்னிப்பைத் தொண்டைக்கு மேலே கொண்டுவர முடியாமல், ஒரு தட்டு தொத்திறைச்சியை ஜெயித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"எழுதித்தானே குத்தின, எழுதியே கேளு" என்றாள் கிளெனிஸ். "பறவை போட்ட புத்தகமாப் பாத்து எழுது."

"சரி. அவன் படிக்காதது எது இன்னும் பாக்கி?"

"பாக்கி இல்லடி. கடைசிப் பறவைய நேத்துதான் திருப்பி வச்சான். ஷர்ல் படிச்சது அவ்வளவுதான்."

அதாவது மெர்வுக்கு இனி அலமாரிப் பக்கம் வரக் காரணமே இல்லை. நொலீன் அன்று இரவு சாப்பிடவில்லை என்று எழுத ஆசை. ஆனால் தொத்திறைச்சி ஜெயித்திருந்தாள், சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே தனக்கு என்ன வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தாள். மன்னிப்பு மட்டும் போதவில்லை. அவன் திரும்பி வந்து தன்னோடு சண்டை போட வேண்டும். அதை என்னிடம் மாத்திரைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

அடுத்த விடுமுறை நாளில் பெரிய ஊருக்குப் போய், அந்த வாரம்தான் வெளியான ஓநாய் ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கினாள். படித்தாள். நாற்பதாம் பக்கத்தில் சக்கரம். கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: "அன்னிக்கு எழுதினது அசிங்கம். மன்னிச்சிடு. ஆள் தெரியாம எழுதினேன்னு சொல்ல மாட்டேன், யாருக்கா இருந்தாலும் எழுதியிருக்கக் கூடாது. இந்த ஓநாய் தட்டு கழுவுறான். ஆனா இதுக்கு மிளகாய் போட எனக்குத் தெரியல. நீ போடு."

அலமாரியில் வைத்தாள். அதில் பறவை இல்லை. இருக்கவும் வழியில்லை, ஷர்ல் போன பிறகு எழுதப்பட்ட புத்தகம் அது. அதை மெர்வ் திறந்தால், ஷர்லுக்காகத் திறந்ததாக ஆகாது.

7

இங்கே எனக்குப் பழக்கமான முடிவு தயாராக இருந்தது. புத்தகம் அலமாரியிலேயே கிடக்கிறது. தூசி படிகிறது. கோதுமைக் களஞ்சியத்தின் மேல் இளஞ்சிவப்புக் கிளிகள் கூட்டமாக எழும்பி—

"பூஜ்யம்" என்றாள் நொலீன். "கிளிக்கு மிளகாய் கெடையாது."

அலமாரிக்குப் பிடித்தமான முடிவையும் எழுதிப் பார்த்தேன். மெர்வ் புல்தரையைக் கடந்து வேகமாக வருகிறான். பொத்தான்கள் ஒவ்வொன்றாக—

"வேணாம் கோமோ. மெர்வ் சட்டையைக் கழட்டினா, போட்ட மிளகாயெல்லாம் நாங்க திருப்பிக் கேப்போம்."

பௌர்ணமியில் மெர்வ் ஓநாயாக மாறுவது கிளெனிசின் யோசனை. "அப்பவாவது ரெண்டு வார்த்தை ஊளையிடுவான்" என்றாள்.

நடந்தது இதுதான். போன வியாழக்கிழமை நொலீன் மருந்துக்கடைக்குள் மூச்சு வாங்க வந்தாள். "புத்தகம் அலமாரியில இல்லாம இருந்திச்சு. இப்ப திரும்பி வந்திருக்கு. எனக்குத் திறக்கப் பயமா இருக்கு. நீ வா." கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். ஒரு கதாசிரியைக்கு இதைவிட அவசர மருந்து என்ன இருக்கிறது?

நாற்பதாம் பக்கத்தை நான்தான் திறந்தேன். நொலீனின் சக்கரத்துக்குப் பக்கத்தில், அழுத்திய பென்சிலில், ஒரு புல். ஒரே ஒரு புல், நேராக, வேரோடு. இதுவரை அந்த அலமாரியில் யாரும் போடாத அடையாளம்.

நொலீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கங்களைப் புரட்டிக் கடைசிக்குப் போனேன். பக்கத்தின் மேல் அவள் கை வந்து விழுந்தது.

"அது எனக்கு எழுதினது."

"நொலீன், கதை முடியணுமே."

"உன் கதை எப்படியோ முடிஞ்சிட்டுப் போகட்டும்."

புத்தகத்தைச் சன்னல் பக்கம் எடுத்துப்போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படித்தாள். வெகுநேரம் படித்தாள். மூடி, மார்போடு வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். புல்தரை ஓரத்தில் குனிந்து இரண்டு பூட்ஸையும் கழற்றி, யாரும் சொல்லாமலே, ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். உள்ளே கால் வைத்தாள். அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருந்த புல்வெட்டும் எந்திரம் நின்றது.

8

இதுவரைக்கும் சொல்லிக்காட்டியபோது நொலீனின் தீர்ப்பு: "ஒண்ணரை மிளகாய். பூட்ஸுக்கு ஒண்ணு, புல்லுக்கு அரை. முத்தம் எங்க?"

"இருந்துதா?" என்றேன்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே கடைசிப் பக்கத்தில் மெர்வ் எத்தனை மிளகாய் போட்டான் என்பது எனக்குத் தெரியாது. கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்களே போடுங்கள், ஒரு வரியும் எழுதுங்கள். எதிர்த்து எழுதினாலும் சரி, நொலீன் அதைத்தான் விரும்புவாள். ஆனால் இந்த ஊர் வழக்கத்தை மறக்கவேண்டாம். முதலில் உங்கள் அடையாளத்தைப் போடுங்கள்.